குளியலறை வாசலில் நின்றவர்: மனச்சிதைவு நோயும் அன்றாடச் செயல்களும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இவருக்கு வயது 36. மனச்சிதைவு நோய் தொடங்கி 12 ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் ஆறு ஆண்டுகள் புத்தக பைண்டிங் கூடம் ஒன்றில் வேலை பார்த்தவர். அப்பா காலமாகிவிட்டார், அம்மாவுடனும் அக்காவுடனும் வசிக்கிறார். மூன்று முறை மருத்துவமனையில் இருந்திருக்கிறார். மூன்றாவது முறை வீடு திரும்பி எட்டு மாதம் கழித்து மனநல மருத்துவர் அவரை என்னிடம் அனுப்பினார். நான் செயல்வழி சிகிச்சையாளர்: குளிப்பது, வீட்டு வேலை, தொழில் போன்ற அன்றாடச் செயல்களுக்குத் திரும்ப நோயாளருக்கு உதவுவது என் வேலை. பரிந்துரைக் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "சந்தேகமும் குரல்களும் பெருமளவு தணிந்துவிட்டன. வீட்டில் எந்த வேலையும் செய்வதில்லை. குளிப்பதில்லை." அவருடைய சம்மதத்துடன் இதை எழுதுகிறேன், அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் நாள் நான் போனபோது பிற்பகல் மூன்று மணி. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "சொன்னால் சரி என்பான், ஆனால் எழ மாட்டான்," என்றார் அம்மா. அக்காவின் குரலில் கோபம் இருந்தது. "ரிமோட்டை எடுக்க மட்டும் கை நீள்கிறது. இது நோயா, சோம்பலா? நீங்களே சொல்லுங்கள்."

நியாயமான கேள்வி. பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் புழுங்கிக்கொண்டே இருக்கும் கேள்வியும்கூட. அன்று நான் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இப்போது சொல்வதானால் இப்படிச் சொல்வேன்: ரிமோட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் டிவி ஓடத் தொடங்கிவிடும். குளிப்பதற்கு எழ வேண்டும், துண்டைத் தேட வேண்டும், மாற்றுடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தண்ணீரைத் திறக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொடங்க வேண்டிய வேலை. இவருடைய நோய் தொடங்கும் இடத்தில்தான் கை வைத்திருந்தது.

மனச்சிதைவு என்றதும் இல்லாத குரல் கேட்பதும், யாரோ தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கையும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை புதிதாக வந்து சேர்பவை. இருந்தவை இல்லாமல் போவது இன்னொரு பக்கம்: பேச்சு சுருங்கும், முகத்தில் உணர்ச்சி மங்கும், மனிதர்களிடமிருந்து விலகல் கூடும், எதையும் தொடங்குவதற்கான உந்துதல் வற்றிப்போகும். இவற்றை எதிர்மறை அறிகுறிகள் என்கிறோம். 1911-இல் இந்த நோயைப் பற்றி விரிவாக எழுதிய சுவிஸ் மருத்துவர் ஆய்கன் பிளாய்லர், உணர்ச்சி மங்குவது போன்றவற்றையே நோயின் அடிப்படையாகக் கருதினார். குரல்களைத் துணை அறிகுறிகளின் வரிசையில்தான் வைத்தார். இன்று கிடைக்கும் மாத்திரைகள் குரல்களையும் சந்தேகங்களையும் நன்றாகவே அடக்குகின்றன. வற்றிப்போன உந்துதலை மீட்பதில் அவற்றின் பங்கு சிறியது. குரல் அடங்கிய பிறகும் ஒருவர் படுத்தே இருந்தால் குடும்பம் அதைச் சோம்பல் என்று வாசிக்கிறது. குடும்பத்தைக் குறை சொல்வதற்கில்லை. யாரும் அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லியிருக்கவில்லை.

மதிப்பீடு

"எதுவும் செய்வதில்லை" என்ற சொற்றொடரை நான் நம்புவதில்லை. ஒரு நாளில் 24 மணி நேரம் இருக்கிறது; ஏதோ ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கும். அரைமணிக்கு ஒரு கட்டமாகத் தாள் போட்டு, ஒரு வாரத்துக்கு அக்காவைக் குறித்து வைக்கச் சொன்னேன். சராசரியாக 15 மணி நேரம் படுக்கையில், ஐந்து மணி நேரம் டிவி முன்னால். மீதி நேரம் சாப்பாட்டிலும் சிகரெட்டிலும் போயிருந்தது. ஆனால் நான்கு மணியிலிருந்து ஆறு மணிக்குள் ஏழு நாளில் ஐந்து நாள், யாரும் சொல்லாமலே வாசற்கதவு வரை போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்திருந்தார். அக்கா அதைப் பொருட்படுத்தாமல் ஓரத்தில் "சும்மா நின்றான்" என்று எழுதியிருந்தார். எனக்கு அந்தத் தாளிலேயே முக்கியமான வரி அதுதான். உந்துதல் முற்றிலும் வற்றிவிடவில்லை. அது வரும் நேரம் மாலை.

காலையில் ஏன் இல்லை? இரவு மாத்திரையின் மயக்கம் மறுநாள் பகல் 11 மணி வரை நீடித்தது. உந்துதல் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் இப்படிப்பட்டவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டும். மாத்திரையால் வரும் தூக்கமா, உடல் விறைப்பா, மனச்சோர்வா, தைராய்டு போன்ற உடல் கோளாறா, வெளியே சொல்லாத பயமா? இவை எல்லாமே வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும்: ஒருவர் படுத்திருப்பார். மருத்துவரிடம் பேசி மாத்திரை நேரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளினோம். காலை மயக்கம் 9 மணியோடு விலகத் தொடங்கியது.

இதற்குப் பிறகும் நான் ஒரு தவறு செய்தேன். அம்மாவும் அக்காவும் சொன்னவற்றைத் தொகுத்து, படுக்கை மடிப்பது முதல் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது வரை ஆறு வேலைகளுடன் ஒரு கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். செய்ததும் டிக் போட வேண்டும். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தபோது எல்லாக் கட்டங்களிலும் டிக் இருந்தது. மகிழ்ந்துபோய்ப் பாராட்டினேன். அவர் தரையைப் பார்த்தார். அம்மா பின்னாலேயே வந்து கதவருகில் தாழ்ந்த குரலில், "நான்தான் போட்டேன். வந்து பார்க்கும்போது அவனுக்குத் தலைகுனிவு ஆகிவிடக் கூடாது என்றுதான்," என்றார்.

அட்டவணையைக் கழற்றினேன். அதில் இருந்த ஆறு வேலைகளில் ஒன்றுகூட அவர் கேட்டதில்லை. அவரிடம் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. அடுத்த முறை அவரிடமே உட்கார்ந்து, எது எவ்வளவு முக்கியம் என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் எண் கொடுக்கச் சொன்னேன். 1991 முதல் செயல்வழி சிகிச்சையில் புழங்கும் கனடிய மதிப்பீட்டு முறை ஒன்றின் அடிப்படை இதுதான்: தனக்கு முக்கியமான செயல் எது என்பதை அந்த மனிதரே சொல்வது. குளிப்பதற்கு 3 கொடுத்தார். செடிகளுக்கு 1. நீண்ட மௌனத்துக்குப் பிறகு, "அப்பாவின் டைரிகள் தாள் தாளாகக் கழன்று வருகின்றன," என்றார். அதற்கு எத்தனை என்று கேட்டேன். "9."

குளியலறை வாசல்

அவர் கொடுத்த எண் 3 என்றாலும் குளியலை விட்டுவிட முடியவில்லை. தோலில் புண் வந்திருந்தது; வீட்டில் நடக்கும் சண்டைகளில் பாதி அதைப் பற்றியது. டைரிகளை முதலில் எடுத்துக்கொள்வோம், குளியலில் எங்கே தடைபடுகிறது என்று மட்டும் நான் பார்க்கட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்.

நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். துண்டை எடுத்துக்கொண்டு குளியலறை வரை வந்தார். வாசலில் நின்றார். ஒரு கை கதவு நிலையில் ஊன்றியிருந்தது. உள்ளே எட்டி குழாயைத் திறந்தார். வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது. தோள்கள் மேலேறின, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குழாயை மூடினார். மீண்டும் திறந்தார், மீண்டும் மூடினார். கடிகாரத்தைப் பார்த்தேன்: நான்கு நிமிடம். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படுக்கைக்குத் திரும்பிவிட்டார். "பார்த்தீர்களா, ஏமாற்றுகிறான்," என்றார் அக்கா.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "குழாயைத் திறந்ததும் என்ன ஆகிறது?" என்று கேட்டேன்.

"தண்ணீர் விழும்போது சத்தமாகத் திட்டுகிறார்கள். மூடினால் குறைகிறது."

குரல்கள் பெருமளவு தணிந்துவிட்டன என்றது கடிதம். பெருமளவு தணிந்ததும் உண்மைதான், தண்ணீர் விழும் ஓசைக்குள் அவை காத்திருந்ததும் உண்மைதான். ஓடும் தண்ணீர், மின்விசிறி போன்ற உண்மையான ஓசையோடு ஒட்டிக்கொண்டு குரல் எழுவது மனநல மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த ஒன்று. தண்ணீரின் ஓசையும் கேட்கும், அதனுள் குரலும் கேட்கும். ஓசை நின்றால் குரலும் நிற்கும். மூன்று முறை மருத்துவமனையில் இருந்தவரிடம் "குளித்தீர்களா?" என்று எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். குழாயைத் திறந்ததும் என்ன ஆகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அந்த வீட்டுக்கு ஆறு முறை போன பிறகுதான் கேட்டேன்.

செய்த மாற்றங்கள் எளியவை. மாலை நான்கரை மணிக்கு, அவர் வாசலில் நிற்கும் நேரத்தில், அக்கா வாளியை நிரப்பிக் குழாயை இறுக மூடிவிடுவார். உடைகள் அணியும் வரிசையிலேயே கொக்கியில் தொங்கும்: மேலே இருப்பதை முதலில் எடுத்தால் போதும், தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. சோப்பு உறை பிரித்து வைக்கப்பட்டிருக்கும். துண்டு படுக்கையின் கால்மாட்டில். டான் வெலிகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-களில் தொடங்கி உருவாக்கிய ஒரு சிகிச்சை முறையில் இந்த அணுகுமுறை இருக்கிறது. மனிதரின் திட்டமிடும் திறன் திரும்பிவரும் வரை காத்திருக்காமல், வீட்டுப் பொருள்களை அந்தத் திட்டத்தைச் சுமக்கும்படி அடுக்கிவைப்பது. உந்துதல் குறைந்தவருக்குப் பொருளைக் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். கட்டுப்பாடின்றி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுபவருக்குக் கவனத்தைச் சிதறடிக்கும் பொருள்களை அகற்ற வேண்டும். இருவருக்கும் ஒரே உதவி பொருந்தாது.

பேச்சையும் மாற்றினோம். "போய்க் குளி" என்பதற்குப் பதில் அம்மா சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம்: "தண்ணீர் நிரம்பிவிட்டது." ஒரே ஒரு முறை. அதன் பிறகு பேசாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு இது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். முதல் வாரம் அவர் சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தை வந்துவிடக் கூடாதென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போனதைப் பார்த்தேன். குடும்பத்தின் இடைவிடாத குறைகூறலும் அளவுக்கு மீறிய பரிவும் நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பதை ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வுகளும், 1976-இல் வெளிவந்த வான், லெஃப் ஆகியோரின் ஆய்வும் காட்டின. அதைச் சொல்லிக் குடும்பத்தை அச்சுறுத்துவது எளிது. 12 ஆண்டுகள் ஒருவரைச் சுமந்தவர்களுக்குச் சொல்வதற்கு மாற்று வாக்கியம் ஒன்றையும் கையில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் குற்றச்சாட்டு.

வாரத்தில் மூன்று நாள் என்பது அவரே வைத்த இலக்கு. தினமும் என்று அம்மா கேட்டார். நான் மூன்றின் பக்கம் நின்றேன். முதல் வாரம் ஒரு முறை குளித்தார். நான்காவது வாரம் மூன்றும் நடந்தது.

டைரிகள்

இவற்றுக்கெல்லாம் முன்பே டைரி வேலை தொடங்கியிருந்தது. ஐந்து டைரிகள். அப்பா கணக்கும் குறிப்பும் எழுதிவைத்தவை. முதுகுப் பக்கத் தையல் அறுந்து தாள்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. ஊசி, தடித்த வெள்ளை நூல், பசை, ஒரு மரக்கட்டை ஆகியவற்றை நான் வாங்கிப் போனேன். பைண்டிங் எனக்குத் தெரியாது என்பது நல்லதாகப் போயிற்று. உண்மையாகவே அவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

முதல் நாள் ஏழு நிமிடம். கலைந்த தாள்களில் நான்கைச் சேர்த்து நடுவில் மடித்தார். மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தார். பிறகு அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். விளிம்புகள் ஒரு மயிரிழையும் பிசகாமல் சேர்ந்திருந்தன. கேள்வி கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்பவருடைய கைகள் அவை. கதவருகில் நின்ற அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தார்.

எட்டாவது நிமிடத்துக்கு நான் ஆசைப்பட்டேன், நிறுத்திவிட்டோம். களைப்பு வருவதற்கு முன் நிறுத்துவது என்று முன்பே பேசியிருந்தோம். நிறுத்தும் இடத்துக்கும் ஒரு விதி வைத்தோம். அடுத்த மடிப்புக்குத் துளை போட்டு, ஊசியில் நூல் கோத்து, முதல் தையலைப் பாதி இழுத்த நிலையில் விட்டுவிட வேண்டும். நாளைக்கு அவர் எதையும் தொடங்க வேண்டியதில்லை, தொடர்ந்தால் போதும். இந்த நோயாளருக்கு நான் செய்த உதவிகளில் மிகப் பயன்பட்டது எது என்று கேட்டால், அந்தப் பாதித் தையலைத்தான் சொல்வேன்.

வேலைக்கு முன் ஒரு கேள்வி கேட்பேன்: இதில் எவ்வளவு இன்பம் கிடைக்கும் என்று தோன்றுகிறது, பத்துக்கு? முடித்ததும், எவ்வளவு கிடைத்தது? முதல் மாதம் முழுவதும் முன்னால் 1 அல்லது 2, பின்னால் 5 அல்லது 6. ஆன் கிரிங் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருப்பதோடு இது பொருந்திப் போகிறது: மனச்சிதைவு உள்ள பலருக்கு அந்தந்தக் கணத்தில் இன்பத்தை உணரும் திறன் பெருமளவு மிஞ்சியிருக்கிறது, இன்பம் வரப்போகிறது என்று முன்கூட்டி உணரும் திறன்தான் குன்றுகிறது. நம்மை நாற்காலியிலிருந்து எழுப்புவது அந்த முன்னுணர்வு. அது இல்லாதவரிடம் "முதலில் எழு, அப்புறம் நன்றாக இருக்கும்" என்று சொன்னால் அது அவரைத் தொடாது. ஆகவே எண்களை அவர் கையாலேயே ஒரு சிறு நோட்டில் எழுதவைத்தோம். மறுநாள் தொடங்குமுன் முந்தின நாள் எண்ணைச் சத்தமாகப் படிப்பார். மூன்றாம் மாதம், வேலைக்கு முன் எழுதும் எண் முதல் தடவையாக 4 ஆயிற்று.

இடையில் வந்த தடை

நான்காம் மாதம் அவர் வீட்டுக்குள் நடக்கத் தொடங்கினார். கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே நாள் முழுவதும். அம்மாவுக்கு மகிழ்ச்சி: "இப்போது படுப்பதே இல்லை." தையல் வேலையில் மட்டும் இரண்டு நிமிடத்துக்கு மேல் உட்காரவில்லை. நின்றபோதும் கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, "காலுக்குள் எறும்பு ஊர்கிறது. உட்கார விடவில்லை," என்றார்.

மூன்று வாரத்துக்கு முன் ஊசி மருந்தின் அளவு கூட்டப்பட்டிருந்தது. அது அந்த மருந்து வகையின் பக்கவிளைவான அமைதியின்மை. உட்கார முடியாமல் உள்ளிருந்து துரத்தும் தவிப்பு. பார்ப்பவருக்குச் சுறுசுறுப்பு போலவோ பதற்றம் போலவோ தெரியும். அனுபவிப்பவருக்குத் தாங்க முடியாத வேதனை. சிலரைத் தற்கொலை எண்ணம் வரை தள்ளக்கூடியது. அன்றே மருத்துவரிடம் தெரிவித்தேன். அளவு குறைக்கப்பட்டு, தவிப்புக்குத் தனி மாத்திரையும் கொடுக்கப்பட்டது. இரண்டரை வாரத்தில் கால்கள் அடங்கின. அந்த நாள்களில் மருந்தே வேண்டாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தானாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடமே சொல்வோம் என்று அவரை இணங்கவைத்தது அக்காதான், நானில்லை.

வெளியே

வீட்டோடு நின்றுவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஜான் விங்கும் ஜார்ஜ் பிரவுனும் 1960-களில் இங்கிலாந்தின் மூன்று மனநல மருத்துவமனைகளில் நெடுநாள் இருந்த மனச்சிதைவு நோயாளிப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1970-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எதுவும் செய்யாமல் கழியும் நேரம் குறைந்தவர்களிடம் எதிர்மறை அறிகுறிகளும் குறைந்தன. வெறுமையான சூழல் நோயின் மேல் இன்னொரு நோயை ஏற்றிவைக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவமனையின் வெறுமையைச் சொந்த வீட்டிலேயே, பாசத்தின் பெயரால் உருவாக்கிவிட முடியும்.

ஆறாம் மாதம், நடந்து போகும் தொலைவில் இருந்த நூலகத்தில் பேசினேன். கிழிந்த புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம். முழுவதும் தயாரான பிறகு அனுப்பலாம் என்றார் மருத்துவக் குழுவில் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடும் மனநோய் உள்ளவர்களை வேலைக்கு அனுப்புவது பற்றி டெபோரா பெக்கர், ராபர்ட் டிரேக் ஆகியோர் வளர்த்தெடுத்த முறை சொல்வது இதற்கு நேர்மாறானது: முதலில் உண்மையான இடத்தில் சேர்த்துவிட்டு, அங்கேயே உடனிருந்து பழக்குவது. அந்த முறை சம்பள வேலைக்கானது, இது தன்னார்வப் பணி. ஆனாலும் தர்க்கம் ஒன்றே.

கதவைப் பார்த்தபடி இருக்கும் இருக்கைதான் வேண்டும் என்று கேட்டார். பின்னாலிருந்து யாரும் வந்துவிடக் கூடாது. நூலகர் மேசையைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். முதல் மூன்று வாரம் நான் கூடப் போனேன். நான்காம் வாரம் அவர் போகவில்லை. ஐந்தாம் வாரம் நூலகரே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, "முதுகு பிரிந்த அகராதி ஒன்று வந்திருக்கிறது. எனக்கு அதை எப்படிப் பிடிப்பதென்றே தெரியவில்லை," என்றாராம். அன்று மாலை தனியாகவே போயிருக்கிறார். அப்படிப் பேசும்படி நான் சொல்லிக்கொடுக்கவில்லை. உண்மையான தேவையோடு ஒருவர் அழைப்பதற்கு ஈடான தூண்டுதலை எந்தச் சிகிச்சைத் திட்டத்திலும் எழுதிவைக்க முடியாது.

11-ஆம் மாத நிலை

படுக்கையில் 15 மணி நேரம் என்பது 10 ஆகியிருக்கிறது. வாரம் மூன்று முறை குளிக்கிறார். அதில் ஒரு முறையாவது அம்மாவின் வாக்கியம் தேவைப்படுவதில்லை. மூன்று டைரிகள் அட்டை போட்டு முடிந்துவிட்டன. நூலகத்துக்குப் பெரும்பாலான வாரங்களில் போகிறார். குரல்கள் இன்னும் கேட்கின்றன, தண்ணீர் ஓசையில் அதிகமாகவே கேட்கின்றன. முகத்தில் உணர்ச்சி குறைவாகவே தெரிகிறது. சிகரெட் குறையவில்லை. உடல் எடை கூடியிருக்கிறது. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் இதயநோய் போன்ற, தடுக்கக்கூடிய உடல் நோய்களால். நடைப்பயிற்சியையும் சிகரெட்டையும் நான் முதல் மாதத்திலேயே அவரோடு பேசியிருக்க வேண்டும். அந்தத் தாமதம் என்னை உறுத்துகிறது. இப்போது நூலகத்துக்குச் சுற்று வழியாக நடந்து போவது என்று தொடங்கியிருக்கிறோம்.

சோம்பலா என்று அக்கா இப்போது கேட்பதில்லை. ஆனால் வாளி நிரப்பும் வேலை அவர் தலையில் ஏறிவிட்டது; அவருக்கு மாலையில் வெளியே போக வேண்டியிருக்கும் நாள்களில் குளியல் தவறுகிறது. போன வாரம் மூவரையும் உட்காரவைத்து இதைப் பேசினோம். வழி சொன்னது நோயாளரேதான்: குழாயைத் தானே திறந்துவிட்டு உடனே வாசலுக்குப் போய் நின்றுகொள்வார்; ஆறு நிமிடத்தில் வாளி நிரம்பும்; அலாரம் அடித்ததும் திரும்பி வந்து மூடுவார். மூடுகிற அந்தச் சில நொடிகள் மட்டும் ஓசையைத் தாங்க வேண்டியிருக்கும். முடியுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, முடியும் என்பதற்கு 5 கொடுத்தார். வியாழக்கிழமை மாலை நான்கரைக்கு முதல் முறை முயல்கிறோம். அன்று நான் நடையில் அதே நாற்காலியில் இருப்பேன்.